கொங்காணி போட்ட இடையன்

சுவக்கின் செய்த தலைகளைப் பார்த்து முகம் சுளிக்காதவர்கள் அந்தக் கோயிலடியில் யாருமில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். சுவக்கின் சூசையப்பரைப் பிடிக்கப் போவார், அது பூசணிக்காயாய் முடியும். மனிதர் அதற்கு வெட்கப்படுகிறவர் இல்லை. பூசணிக்காயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆண்டவன் மட்டும் எல்லா மண்டையையும் ஒரே அச்சுலயா செஞ்சாரு?" என்று கேட்பார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மடவளைக்குப் போகிற ரோட்டில், ஆற்றுப் பக்கம் சரிந்து இறங்கும் ஒரு பாதையில் இருந்தது அவர்களுடைய வீடு. ஒரு அறை, ஒரு ஹோல், பின்னால் தகரம் போட்ட குசினி. சுவக்கினுக்கு அக்குறணையில் ஹபீல் முதலாளியின் இரும்புக் கடையில் ஆணியும் கீலும் நிறுத்துக் கொடுக்கிற வேலை. மனைவி ஐரின் கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நின்றாள். பிள்ளைகள் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் மண்ணாவது கிடக்கட்டும் என்று ஆரம்பத்தில் ஐரின் விட்டதுதான் பிழையாகப் போயிற்று.

வருஷா வருஷம் இயேசு பிறக்கிற நத்தாருக்குச் சின்னக் கோயிலில் குடில் கட்டுவார்கள். குடிலுக்குச் சுரூபம் செய்வது சுவக்கின். யாரும் கேட்டுச் செய்வதில்லை, செய்து கொண்டுவந்து வைத்துவிட்டால் எடுத்தெறியவா முடியும் என்று பாதரும் பேசாமல் இருந்தார். முதல் இரண்டு வருஷம் எல்லாத் தலையும் உருண்டையாகத்தான் இருந்தது. பிறகு மனிதருக்கு அலுத்துவிட்டது. ஒரு வருஷம் மூன்று ராஜாக்களில் ஒருவருக்குப் பலாக்கொட்டை போல நீளத் தலை. அடுத்த வருஷம் ஒரு இடையனுக்கு ரோஸ்பாண் ரொட்டி மாதிரிச் சதுரத் தலை. சிறகு வைத்த சம்மனசுக்கு மேலே கூம்பி, கீழே வீங்கி, சுரைக்காயைக் கவிழ்த்து வைத்தது போல ஒன்று. பூசைக்கு வந்த பிள்ளைகள் அதைப் பார்த்து அழுதன.

மண் மடவளைப் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து வரும். முன்பெல்லாம் ஆற்றங்கரையில்தான் எடுப்பார். போன வருஷம் அந்த ஆற்றில் மிதந்து வந்தவற்றை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. கையும் காலும் கட்டி, வீங்கி, நண்டுகள் கொறித்துப் போட்ட சிங்களப் பையன்களின் பிணங்கள். அதற்குப் பிறகு ஆற்று மண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்தால் தான் வெளியே போய்விடுவதாக ஐரின் சொல்லிவிட்டாள். சூளை மண்ணும் சும்மா இல்லை. ஈரச் சாக்கில் சுற்றிக் குசினி மூலையில் வைத்து வாரக்கணக்கில் புளிக்க விடுவார். அது அழுகிய முட்டைக்கோஸ் போல நாறும். சாக்கை விரித்தால் சிவப்புப் புழுக்கள் நெளியும். அவற்றை விரலால் ஒதுக்கிவிட்டு, உமி போட்டுக் காலால் மிதித்து, அதே காலோடு ஹோலுக்குள் நடப்பார்.

தலைகளைத் தனியாகச் செய்வதுதான் அவருடைய முறை. உடம்பின் கழுத்தில் ஒரு துளை விட்டு வைத்துவிட்டு, தலையை ஈர்க்குக் குச்சியில் குத்தி நிழலில் காயவைப்பார். பிறகு பிடிக்காவிட்டால் தலையை மட்டும் பிடுங்கி மாற்றலாம். மார்கழி பிறந்தால் குசினி ஜன்னலில் வரிசையாகத் தலைகள் நிற்கும்.

"தலையக் குச்சியில குத்தி வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்பாள் ஐரின். "இந்த நாட்டுல பார்த்தது பத்தாதா? நா இதப் பார்த்துக்கிட்டே சோறாக்கணுமா?"

"இது மண்ணு ஐரின்."

"எல்லாம் மண்ணுதான். அந்தப் பக்கமாத் திருப்பி வைங்க."

அது தொண்ணூறாம் ஆண்டு. போன வருஷம், தெற்கில் கிளர்ச்சி என்று, சிங்களப் பையன்களின் முறை. வடக்கில் சண்டை திரும்பவும் தொடங்கியதும் இந்த வருஷம் தமிழ்ப் பையன்களின் முறை. முறை மாறியதே தவிர முறைகள் மாறவில்லை. ஆகஸ்ட் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆமி அந்தப் பக்கத்தைச் சுற்றி வளைத்து, தமிழ் வீடுகளில் இருந்த ஆம்பிளைப் பிள்ளைகளை எல்லாம் விளையாட்டு மைதானத்தில் வரிசையாக நிறுத்தியது. ஜீப்பின் முன்சீட்டில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையில் சாக்கு, அதில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. கோணிபில்லா, சாக்குப் பூச்சாண்டி, என்று சிங்களத்தில் சொல்லிச் சொல்லித் தமிழருக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஒவ்வொரு பையனையும் அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். சாக்குத் தலை ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் லொறியில் ஏறவேண்டும்.

லொறியில் ஏறியவர்களில் அதே பாதையில் குடியிருந்த றீற்றாவின் மகன் பெனடிக்கும் ஒருவன். பத்தொன்பது வயது. தையல் கடையில் வேலை. கத்தரி பிடித்த கை என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதையில் உள்ளவர்களுக்குச் சும்மா முடி வெட்டிவிடுவான். அரசியல் என்றால் என்ன விலை என்று கேட்கிற பிள்ளை. லொறியில் ஏறியதோடு சரி, எந்தக் கேம்புக்குப் போய் நின்றாலும் அப்படி ஒரு பெயர் எங்களிடம் இல்லை என்றார்கள்.

றீற்றா இடியப்பம் அவித்து விற்கிறவள். புருஷன் எப்போதோ செத்துப் போனான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் ஆனபடியால் மழைக்குக் குடை பிடிக்கத் தெரியாது. கோதுமைச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்து, விடிகிற நேரம் ஐரின் வீட்டுக் குசினிப் படியில் வந்து நிற்பாள். மகன் போன மறுவாரமே இடியப்பத்தோடு வந்தாள். அடுப்பு எரியாவிட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

ஐரினின் தம்பி வலன்ரைனுக்கு றீற்றா தினமும் ஐந்து இடியப்பம் கூட வைத்துக் கொடுத்தாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. வலன்ரைன் முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத கட்டை, அக்கா வீட்டோடு இருப்பவன். ஜூலை மாசம் டவுனில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவனையும் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். செப்டெம்பரில் திரும்பி வந்துவிட்டான். தப்பாகப் பிடித்துவிட்டார்களாம், விட்டுவிட்டார்களாம். அவன் வந்த அன்று றீற்றா ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தம்பி, எம் பிள்ளைய அங்க எங்கயாச்சும் பார்த்தியாப்பா?"

"இல்லக்கா. அது வேற கேம்பா இருக்கும்."

"நீ வந்துட்டல்ல. அவனும் வந்துருவான்," என்றாள் றீற்றா. அன்றிலிருந்து அந்த ஐந்து இடியப்பம்.

திரும்பி வந்த வலன்ரைனுக்கு அடங்காத பசி. வேலைக்குப் போவதில்லை. மத்தியானம் எழும்புவான், தின்பான், ஹோலில் உள்ள கட்டிலில் கிடப்பான், மறுபடி தின்பான். செக் பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கி ஐடென்டி கார்டு கேட்பார்கள், அவனை மட்டும் யாரும் கேட்பதில்லை. பிடிபட்ட நாளிலிருந்து வெட்டாத முடி வளர்ந்து காதை மூடிக் கழுத்தில் விழுந்து பரட்டையாய்க் கிடந்தது. முன்பு பெனடிக்தான் அவனுக்கு வெட்டுவான். அந்த மண்டைக்கு வெட்ட டவுன் சலூன்காரன் எவனாலும் முடியாது. பிடரி பலகையில் வைத்து அமுக்கியது போலச் சப்பை, வலது காதுக்கு மேலே ஒரு மேடு, மொத்தத் தலையும் இடது தோளை நோக்கிச் சரிவு. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா போட்ட பக்கமே கிடந்து வளர்ந்த தலை. பெனடிக் ஒருவனுக்குத்தான் அந்தச் சப்பை தெரியாமல் வெட்டும் கைப்பக்குவம் இருந்தது.

சுவக்கினுக்கோ அந்த மண்டைமேல் பத்து வருஷத்து ஆசை. அந்த மார்கழியில் ஒரு நாள் பின்னேரம் வலன்ரைன் ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு தின்றுகொண்டிருந்தபோது, மண் அப்பிய கையோடு பின்னால் போய் நின்று அவன் முடிக்குள் விரல்களை விட்டு அளந்தார்.

"என்ன மச்சான், பேன் பார்க்குறீங்களா?"

"சும்மா இருடா. இந்தப் பிடரி கண்ணால பார்த்து வராது. தடவிப் பார்க்கணும்."

"எதுக்கு?"

"ஒரு இடையனுக்கு."

வலன்ரைன் எலும்பின் முனையைக் கடித்து உடைத்தான். உள்ளே இருந்த ஊனைச் சத்தமாக உறிஞ்சினான்.

"இடையனுக்கா? ராஜாவுக்குப் போடலாம்தானே."

"ராஜாவுக்குக் கிரீடம் வைக்கணும். கிரீடம் வச்சா மண்ட தெரியாது."

அவன் சிரித்தான். வாயில் சோறு தெரிந்தது. அவனுடைய தலைமுடியில் களிமண்ணும், மச்சானின் விரலில் அவனுடைய எண்ணெய் அழுக்கும். ஐரின் கதிரையை நகர்த்திக்கொண்டு அடுத்த பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேருக்கும் அருவருப்புன்னு ஒண்ணு கிடையாதா?" என்றாள்.

சுவக்கினின் கைக்கு மண்டை வரும், முகம் வராது. இந்த இடையனுக்கு மூன்று தடவை மூக்கு வைத்தார், மூன்று தடவையும் காய்ந்ததும் விழுந்துவிட்டது. நாலாம் நாள் காலை மழைக்குள் றீற்றா கொங்காணியோடு படியில் நின்றதைப் பார்த்ததும் அவருக்கு வழி பிறந்தது. பெத்லகேமிலும் குளிர்தானே, இடையனுக்கு ஒரு கொங்காணி போட்டால் என்ன? ஈர மண்ணைத் தகடாகத் தட்டி, அதன்மேல் சாக்குத் துண்டை அமுக்கி நெசவு விழச் செய்து, தலையோடு ஒட்ட மூடினார். மூக்கு இல்லாத குறையை மறைக்க நாடி வரைக்கும் இழுத்துவிட்டார். பார்க்க ஒன்றும் இல்லாமல் போகிறதே என்று கண்ணுக்கு இரண்டு குழி. ஆகஸ்ட் மாசம் சுற்றி வளைத்தபோது சுவக்கின் அக்குறணையில் முதலாளி வீட்டில் தங்கியிருந்தார். ஜீப்பையும் பார்க்கவில்லை, சாக்கையும் பார்க்கவில்லை. தான் செய்து வைத்தது என்னவென்று அவருக்கு உறைக்கவில்லை.

தலையை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய் ஹபீல் முதலாளிக்குக் காட்டினார். அவர் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் எனக்குச் சரிவராது சுவக்கின். எங்கட மார்க்கத்தில உசிருள்ளதச் செய்ய ஏலா. மறும நாளையில, நீ செஞ்சதுக்கு நீயே உசிரக் குடுன்னு சொல்லுவாங்க. குடுக்க ஏலுமா ஒங்களுக்கு?"

"இது சும்மா பொம்ம முதலாளி."

"பொம்மைதான். ஆனா பார்க்க ஒரு மாதிரிப் பயமா ஈக்கி. மூடி வைங்கோ."

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் கோயிலில் குடில் கட்டினார்கள். மூங்கில் வளைத்து, தேயிலை வாதும் இலையுமாகச் சொருகி, வைக்கோல் பரப்பியிருந்தது. மறுநாள் காலைப் பூசைக்குப் பிறகு பாதர் ஆசீர்வதிப்பதாக ஏற்பாடு. ஐரின் கலர்ப் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தாள். றீற்றா கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சுவக்கின் கழுத்துத் துளைகளில் ஒவ்வொரு தலையாகச் சொருகி, கடைசியில் இடையனைக் குடிலின் ஓரத்தில் நிறுத்தினார். முழங்கை உயரம். தலை இடது தோளை நோக்கிச் சாய்ந்திருந்தது.

விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. ஐரின் திரும்பிப் பார்த்தாள். றீற்றா குடிலுக்கு முன்னால் குந்தியிருந்தாள். கோயில் மணலில் ஏதோ தேடுகிறாள் என்றுதான் ஐரின் முதலில் நினைத்தாள்.

"அண்ணே, இது யாரு?"

"இடையன் தங்கச்சி. ஒன்னையப் பார்த்துத்தான் கொங்காணி போட்டேன்," என்றார் சுவக்கின் பெருமையாக.

"சாக்கு என்னோடது. தல யாரோடது?"

சுவக்கின் வாயைத் திறந்தார். அதற்குள் ஐரினுக்கு விளங்கிவிட்டது. அவளும் அன்று மைதானத்தில் நின்றவள்தான், ஆனால் தூரத்தில், பொம்பிளைகளுக்குப் பின்னால்.

"யாரோடதும் இல்ல றீற்றா. அவர் கைக்கு வந்தது," என்றாள்.

றீற்றா ஐரினை நிமிர்ந்து பார்க்கவில்லை. மண் தலையைத்தான் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அக்கா, நா கம்பி வேலியப் புடிச்சுக்கிட்டு ஜீப்புக்குப் பக்கத்துலதான் நின்னேன். அவன் மூஞ்சி தெரியல. மூஞ்சிய மூடினா மண்டைய மூட முடியுமா? பின் பக்கம் சப்ப. காதுக்கு மேல சாக்கு முட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆட்டுறதுக்கு முன்ன ஒவ்வொரு தடவையும் இப்பிடி இடப் பக்கம் சரியும். அன்னையில இருந்து எல்லாரு தோளு மேலயும் இந்தத் தலையத்தான் தேடுறேன். பஸ்ல, சந்தையில, பூசையில. ஒருத்தருக்கும் இல்ல."

"றீற்றா..."

"இன்னொண்ணும் இருக்கு. எம் பிள்ள அவன் முன்னால போய் நின்னப்ப சிரிச்சான் அக்கா. பயந்து நின்ன பிள்ள அந்தச் சாக்கப் பார்த்துச் சிரிச்சான். ஏன் சிரிச்சான்னு யோசிச்சு யோசிச்சு எனக்குப் பைத்தியம் பிடிக்குது. அண்ணன் இந்தத் தலைய எங்கயோ பார்த்திருக்காரு. எங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மிச்ச இடத்தைக் கூட்டப் போனாள்.

ஐரின் வீட்டுக்கு வந்தபோது வலன்ரைன் குசினியில் உட்கார்ந்து, காலையில் மிஞ்சிய இடியப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியில் பிசைந்து தின்றுகொண்டிருந்தான். முடி முன்னால் விழுந்து கோப்பையில் தொட்டுக்கொண்டிருந்தது. ஐரின் அந்த முடியைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சப்பைப் பிடரி அவள் உள்ளங்கையில் வந்து பொருந்தியது. சின்ன வயதில் அவள் சீவிவிட்ட தலை.

"ஆகஸ்ட் மாசம் ஜீப்புல இருந்தது நீயா?"

"யாரு சொன்னா?"

"ஒந்தல சொல்லுச்சு."

அவன் கோப்பையைத் தள்ளவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, வலது கையைத் தூக்கிக் காட்டினான். பிடுங்கிய நகங்கள் அரைகுறையாக முளைத்திருந்தன. இவ்வளவு நாளும் ஐரின் அதைக் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை.

"பாரு அக்கா. ஒருத்தரையும் காட்டாட்டி ஒன்னய ஆத்துல போடுவோம்னாங்க. நீயா இருந்தா என்ன செய்வ?"

"நானா இருந்தா என்னங்கிறத விடு. பெனடிக்க ஏன்டா காட்டின?"

அவன் இடியப்பத்தைச் சொதிக்குள் அமுக்கினான்.

"சொல்லு."

"அவனக் காட்ட நெனைக்கல. தெரியாத பையன்களாப் பார்த்துத்தான் ஆட்டினேன். இவன் முன்னால வந்து நின்னு சாக்கப் பார்த்தான். அவன் வெட்டின மண்டதானே. கண்டுபிடிச்சிட்டான். என்னயப் பார்த்துச் சிரிச்சான் அக்கா. வலன் மாமாதானே, பயமில்லன்னு நெனச்சிருப்பான்."

"அதுக்கு?"

"விட்டா வெளிய போய்ச் சொல்லிடுவான்னு நெனச்சேன். ஆட்டிட்டேன்."

ஐரின் அவன் தலையிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவ குடுத்த இடியப்பத்தத் தின்னியேடா. தெனந்தெனம் தின்னியே."

"பசிச்சிச்சுக்கா," என்றான்.

ஐரின் பின் கதவைத் திறந்துகொண்டு போய்ச் சாக்கடைக் கானுக்குள் வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்துச் சாம்பலைப் போட்டுக் கையைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க அந்த எண்ணெய் மணம் போகவில்லை. உள்ளே வந்து அவன் தின்ற கோப்பையைச் சொதியோடு தூக்கி, வாந்தி எடுத்த இடத்திலேயே வீசினாள்.

சுவக்கின் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் அவர் கேட்டது பெனடிக்கைப் பற்றி அல்ல.

"இன்னும் யாரெல்லாம் பார்த்தாங்க? கதவு பூட்டியிருக்குமா? இப்பவே போய்த் தண்ணி தொட்டு அமுக்கினா உருண்டையா வந்துரும் ஐரின். சுடாத மண்ணுதானே. விடிஞ்சா ஒருத்தருக்கும் தெரியாது."

"தலையத் தொட்டீங்க, நா இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

"ஒந் தம்பிடி. தானாடாவிட்டாலும் தன் தச ஆடும்பாங்க. ஒனக்கு ஒண்ணும் ஆடலையா?"

"ஆடுதுதான். அதான் வாந்தியா வருது."

வலன்ரைன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"மச்சான் சொல்றதக் கேளு அக்கா. லொறியில போன பிள்ளைங்களோட அப்பன், அண்ணன் எல்லாம் நாளைக்குப் பூசைக்கு வருவாங்க. பார்த்தா என்னய வெட்டிப் போட்டுருவாங்க. ஆமிக்குத் தெரிஞ்சா ஒங்க வீட்டையே கொளுத்துவான்."

"கொளுத்தட்டும். எண்பத்து மூணு கலவரத்துல கொளுத்தினதுதானே," என்றாள் ஐரின். "இங்க பாரு வலன். அந்த இடையன் குடில்லயே நிக்கும். நாளைக்கு ஊரே வந்து பார்க்கும். அதுக்கு முன்ன நீ இப்பவே எங்கூட றீற்றா வீட்டுக்கு வா. அவ பிள்ளைக்கு என்ன நடந்துச்சுன்னு அவகிட்டச் சொல்லு. சொன்ன பொறகு தல இருக்கட்டுமா வேணாமான்னு அவ முடிவு சொல்லட்டும்."

"என்னால முடியாதுக்கா."

"முடியும். தின்ன முடிஞ்சுதுல்ல."

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு மூன்று பேரும் பாதையில் இறங்கினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. சுவக்கின் பாதி வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டதாகச் சொல்லி நின்றுவிட்டார். அறுந்ததோ இல்லையோ, ஐரின் திரும்பிப் பார்க்கவில்லை.

றீற்றாவின் வீடு ஆற்றுக்கு மேலே ஒற்றை அறை. மறுநாள் காலைக்கு மாவு அரித்துக்கொண்டிருந்தாள். சுவரில் இடியப்பத் தட்டுகள் அடுக்கியிருந்தன. ஆணியில் பெனடிக்கின் கத்தரியும் அதற்குப் பக்கத்து ஆணியில் ஈரக் கொங்காணியும் தொங்கின. வந்தவர்களைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். வலன்ரைன் உட்கார்ந்தான். மழையில் நனைந்து முடி மண்டையோடு ஒட்டியிருந்தது.

றீற்றாவின் கண் அந்தப் பிடரியில் போய் நின்றது. ஐரின் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை.

"இவனா," என்றாள் றீற்றா.

"நா ஒனக்குப் பொய் சொல்லிட்டேன் றீற்றா. இவந்தான். சொல்லத்தான் கூட்டியாந்தேன். சொல்லுடா."

வலன்ரைன் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. ஆம்பிளை அழுகிறதே பார்க்கச் சகிக்காது, இவன் அழுதது அதைவிட மோசம். மூக்குச் சளி மீசையில் இறங்கி வாய்க்குள் போயிற்று. "றீற்றாக்கா, றீற்றாக்கா" என்று அவள் காலைத் தொடக் குனிந்தான். றீற்றா காலை இழுத்துக்கொண்டாள். அவள் முகம் கோணிப் போயிற்று, காலடியில் அட்டை ஊர்ந்தது போல.

அவள் கத்தவில்லை, அடிக்கவில்லை. ஆணியிலிருந்து கொங்காணியை எடுத்து உதறி அவன் மடியில் போட்டாள்.

"போடு."

"அக்கா..."

"ஒம் மூஞ்சியப் பார்த்து என்னால கேக்க முடியாது. இந்த மூஞ்சிக்கு நா இடியப்பம் அவிச்சுப் போட்டிருக்கேன். மூடு. நா கேக்குறதுக்கு நீ வாயத் தொறக்க வேணாம். ஆட்டு, போதும். ஒனக்குப் பழக்கந்தானே."

வலன்ரைன் அக்காவைப் பார்த்தான். ஐரின் அவனைப் பார்க்கவில்லை. அவன் சாக்கை எடுத்துத் தலையில் போட்டு நாடி வரைக்கும் இழுத்துவிட்டான். மாவும் மழையும் புளித்த வாடை அறைக்குள் எழும்பியது. கதிரையில் இப்போது சுவக்கினின் இடையன் உட்கார்ந்திருந்தது.

றீற்றா அவன் முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள். கையில் இருந்த மாவைச் சேலையில் துடைத்தாள்.

"கிரவுண்டுல எம் பிள்ள சிரிச்சது ஒன்னயப் பார்த்துத்தானே?"

சாக்கு இடது பக்கம் சரிந்தது. பிறகு ஆடியது.

"ஓ," என்றாள் றீற்றா. இத்தனை மாசமாகத் தேடியது கிடைத்துவிட்டது போல, மறுபடியும் கையைச் சேலையில் துடைத்தாள். "தெரிஞ்ச ஆளுன்னுதான் சிரிச்சிருக்கான்."

வெளியே ஆறு இரைந்துகொண்டிருந்தது.

"கேம்புல அவன ஒங்கூடத்தான் வச்சிருந்தாங்களா?"

ஆடியது.

"அடிச்சாங்களா?"

சரிந்து, ஆடியது. ஐரின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பாடு குடுத்தாங்களா?"

சாக்கு உடனே ஆடவில்லை. பிறகு லேசாக ஆடியது. அது பொய் என்று ஐரினுக்குத் தெரிந்தது. தம்பி அவ்வளவாவது செய்தானே என்றும், அதைக்கூடப் பொய்யாகத்தான் செய்யத் தெரிகிறதே என்றும் அவளுக்கு ஒரே நேரத்தில் தோன்றியது.

றீற்றா இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்தாள்.

"எம் பிள்ள இருக்கானா?"

சாக்கு சரியவில்லை. ஆடவும் இல்லை. அதற்குள்ளிருந்து மூச்சு மட்டும் இரைத்தது. மழை தகரத்தில் பலமாக விழத் தொடங்கியிருந்தது.

மழைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை போலும் என்று றீற்றா நினைத்தாள். காது இருக்கும் பக்கமாகச் சாக்கின் அருகே குனிந்து, கொஞ்சம் உரக்க, மறுபடியும் கேட்டாள்.